வரைபடக் கல்வியும் மலையக வாலிபரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)





ஆண்டு விழா மேடையிலே பண்பாட்டைப் பற்றியும் ஒற்றுமையைப் பற்றியும் பேசுவது வழக்கம். நானோ பென்சிலையும் அளவுகோலையும் கணினியையும் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். “இது பாடசாலை விடயமாயிற்றே, சங்கத்துக்கு இதில் என்ன வேலை?” என்று பெரியவர்களில் சிலர் எண்ணக்கூடும். மீரியபெத்தையின் பெயரைத் தாங்கிய இம்மண்ணில் நின்றுகொண்டு பேசும்போது, இது சங்கத்தின் விடயமே என்பதுதான் என் வாதம். அதை எடுத்துக்காட்டுவதற்கே இந்த அரைமணி நேரத்தைக் கேட்கின்றேன்.

நம்முடைய முன்னோர் இம்மலைகளில் வாழ்ந்த காலமெல்லாம் பிறர் வரைந்த கோடுகளுக்குள்ளேயே வாழ்ந்தார்கள். லயத்தை எங்கே கட்டுவது, காம்பரா எத்தனை அடி, கான் எந்தப் பக்கம் ஓடுவது, பாதை எங்கே வளைவது என்பவற்றையெல்லாம் எவரோ ஒருவர் எங்கோ ஒரு மேசையில் காகிதத்தில் கீறினார். நாம் அதன்படி மண்ணை வெட்டினோம், கல்லைச் சுமந்தோம். அந்தக் காகிதத்தை வாசிக்கும் வித்தை நம் கைக்கு வரவில்லை. அது வரவேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்த ஒரே செய்தி. மற்றவையெல்லாம் அதற்கு விளக்கம்.

சித்திரம் வேறு, வரைபடம் வேறு

முதலில் பொறியியல் வரைபடம் என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் வீட்டு உரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஓவியர் அதை வரைந்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்தச் சித்திரத்தை ஒரு கல்தச்சரிடம் கொடுத்து, “இதேபோல் ஒன்று செய்து தாருங்கள்” என்றால், “ஐயா, குழி எவ்வளவு ஆழம்? வாய் எத்தனை அங்குல அகலம்?” என்று அவர் கேட்பார். சித்திரம் அதற்கு விடை சொல்லாது. உரலின் குழி வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை அல்லவா?

வரைபடக்காரர் வேறு விதமாகச் செய்வார். உரலுக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் தெரிவது ஒரு படம், அது முன்தோற்றம். நேர் மேலிருந்து பார்த்தால் தெரிவது இன்னொரு படம்; அது மேற்றோற்றம். அதிலே விளிம்பு ஒரு வட்டமாகவும் குழி அதற்குள் ஒரு வட்டமாகவும் இருக்கும். பக்கத்திலிருந்து பார்ப்பது மூன்றாவது. இவை போதாவிடில், உரலை நடுவே வாளால் அறுத்துப் பிளந்ததாக மனத்தில் எண்ணி, அறுத்த முகத்தை வரைவார். அதற்கு வெட்டுமுகம் என்று பெயர். அதிலே குழியின் ஆழமும் அடிக்கல்லின் தடிப்பும் ஒளிவுமறைவின்றித் தெரியும். அளவுகளையும் எழுதிவிட்டால், உரலையே கண்டிராத ஒருவர் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு அதே உரலைச் செய்துவிடலாம்.

இந்தக் கலைக்கு ஒரு சிறு இலக்கணமும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்குத் தடித்த தொடர்கோடு. மறைந்திருக்கும் விளிம்புக்கு விட்டுவிட்டு வரையும் கோடு. வட்டத்தின் நடுவைக் காட்ட, நீளமும் குறுக்கமும் மாறிமாறி வரும் மெல்லிய கோடு. அளவு எழுதுவதற்கு இரு நுனியிலும் அம்புக்குறியுள்ள மெல்லிய கோடு. வெட்டப்பட்ட பகுதிக்குச் சாய்கோடுகள். இந்த ஐந்தையும் அறிந்தவர் வரைபட அரிச்சுவடியை முடித்தவராவார். தமிழ் அரிச்சுவடியோ இருநூற்று நாற்பத்தேழு எழுத்து! அதைக் கற்ற நமக்கு இது பெரிய பாரமாகாது.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றேன். தோற்றங்களைத் தாளில் எந்த இடத்தில் வைப்பது என்பதற்கு இரண்டு வழக்கங்கள் உள்ளன. முதற்கோண எறியத்தில் மேற்றோற்றம் முன்தோற்றத்துக்குக் கீழே வரும். மூன்றாங்கோண எறியத்தில் அது மேலே வரும். பிரித்தானிய வழக்கைப் பின்பற்றிய நம் நாட்டில் முதலாவதும், அமெரிக்காவில் இரண்டாவதும் வேரூன்றின. தாளின் மூலையில் உள்ள சிறு குறியைப் பார்த்து இது எவ்வழக்கு என்று அறிந்துகொண்ட பிறகே வரைபடத்தை வாசிக்கத் தொடங்கவேண்டும். இல்லையேல் இடது வலதாகி, வலது இடதாகிவிடும்.

இவ்வித்தையை ஓர் ஒழுங்கான சாஸ்திரமாக்கியவர் கஸ்பார் மோஞ்சு என்ற பிரெஞ்சு அறிஞர். 1746 இல் பிறந்த அவர், கோட்டை மதில் கட்டும் கணக்குகளைக் கோடுகளாலேயே தீர்த்துக் காட்டினார். பிரெஞ்சு இராணுவம் அதைப் பல ஆண்டுகள் இரகசியமாக வைத்துக்கொண்டது. 1795 ஆம் ஆண்டிலேதான் அவர் அதை வெளிப்படையாகக் கற்பிக்க முடிந்தது. ஓர் அரசாங்கம் வரைபட வித்தையைப் பீரங்கியைப்போலப் பூட்டிவைத்தது என்றால், அதன் வலிமை எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நம் ஊவாவில் உள்ள சாட்சி

இந்த வலிமையைக் காண நாம் பிரான்சு தேசம் போகவேண்டியதில்லை; பதுளைக்குப் போகும் ரயிலில் ஏறினாலே போதும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலே ஒன்பது வளைவுப் பாலம் நிற்கின்றது. 1921 ஆம் ஆண்டில் நிறைவெய்திய அந்தப் பாலம் ஏறக்குறைய 300 அடி நீளமும் 80 அடி உயரமும் கொண்டது. இரும்புச் சட்டமின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுந்தது. இரும்பில்லாமல் ரயிலின் பாரத்தை அது எப்படித் தாங்குகின்றது? வளைவின் வடிவம் தாங்குகின்றது. மேலிருந்து வரும் பாரம் வளைவு வழியாக வழிந்து தூணுக்குள் இறங்குகின்றது. ஆகவே வளைவின் வடிவத்தைச் சரியாக வரைந்த கைக்கு அந்தப் பாலத்தின் பலத்தில் பாதிப் பங்கு உண்டு. அதைப் பிசகாமல் கட்டிய கைகளுக்கு மறுபாதி.

அதற்கப்பால் தெமோதரைச் சுற்று. மலையகப் பாதையில் ரயில் ஏறி இறங்கக்கூடிய சரிவுக்கு ஓர் எல்லை உண்டு. 44 அடி தூரத்துக்கு ஓரடி. அதற்கு மேற்பட்ட சரிவில் பாதை போட முடியாது. ஆனால் தெமோதரையில் நிலம் அந்த எல்லையை மதிக்கவில்லை. எனவே பாதை நிலையத்தை விட்டு வெளியேறி, குன்றை ஒரு முறை சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு நேர் கீழே உள்ள சுரங்கத்தில் புகுந்து வெளியேறுகின்றது. கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்தே பொறியியலாளருக்கு இந்த யோசனை பிறந்தது என்று ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, அதைச் சொல்லும்போது நமக்கு ஒரு பெருமிதம் உண்டாகத்தான் செய்கின்றது.

ஆனால் நண்பர்களே, அந்தக் கதையைச் சற்று ஆழ்ந்து பாருங்கள். யோசனை கங்காணியின் தலையில் இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். தலைப்பாகையைப் பார்த்தவர் அதைக் காகிதத்தில் கீறினார். எத்தனை அடிக்கு எத்தனை அடி இறங்கவேண்டும் என்று கணக்கிட்டார். அதனால் அது அவருடைய யோசனையாயிற்று. தலைப்பாகைக்குச் சொந்தக்காரரின் பெயர்கூட எவருக்கும் தெரியாது. 1924 இல் ரயில் பதுளையைச் சென்றடைந்தது. கையில் வரைபடம் இல்லாதவனுடைய அறிவு இவ்வாறுதான் கதையாகிப் போய்விடுகின்றது.

லயக் காம்பராவை வரைந்து பார்ப்போம்

கற்கத் தொடங்குபவர் எதை வரைந்து பழகவேண்டும்? புத்தகத்திலுள்ள இரும்புக் கட்டையை வரையலாம். நான் சொல்வது, நீங்கள் பிறந்த காம்பராவை வரையுங்கள் என்பதே.

பழைய லயக் காம்பரா பெரும்பாலும் 12 அடிக்கு 10 அடி. மீற்றர்க் கணக்கில் 3.66 க்கு 3.05. இதைத் தாளில் 50 க்கு 1 என்ற அளவுத்திட்டத்தில் வரைந்தால் 7.3 சென்ரிமீற்றருக்கு 6.1 சென்ரிமீற்றர் வரும். ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. அந்தப் பெட்டிக்குள்ளே ஒரு கட்டிலை அதே அளவுத்திட்டத்தில் வரையுங்கள். அடுப்பை வரையுங்கள். கதவு திறந்து மூடும் வளைவைக் கவராயத்தால் வரையுங்கள். பிள்ளைகள் படிப்பதற்கு ஒரு மேசையைப் போட்டுப் பாருங்கள். மேசைக்கு இடமில்லை என்பதைத் தாளே சொல்லிவிடும். பல தலைமுறையாக நாம் வாயால் சொல்லிவந்த குறையை அந்தத் தாள் அளவோடு சொல்கின்றது. வாய்ச் சொல்லை மறுத்துவிடலாம். அளவை மறுப்பது கடினம்.

அடுத்தபடியாக, அண்மைக் காலத்துத் தோட்ட வீடமைப்பில் பேசப்படும் 7 பேர்ச்சஸ் காணியை வரையுங்கள். அது ஏறக்குறைய 177 சதுர மீற்றர். இந்திய உதவியுடன் கட்டப்பட்ட வீடுகளின் அளவான 550 சதுர அடி, அதாவது 51 சதுர மீற்றர், அதற்குள் அடங்கும். மீதி 126 சதுர மீற்றரில் மலக்குழி எங்கே, கான் எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, முருங்கை மரம் எங்கே என்று வைத்துப் பாருங்கள்.

இவையெல்லாம் சமதரையில். நம் நிலமோ சரிவு. ஆகவே வெட்டுமுகம் வரைந்தே தீரவேண்டும். மூன்று மீற்றர் தூரத்துக்கு ஒரு மீற்றர் உயரும் சரிவை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலே ஆறு மீற்றர் அகலத்துக்குத் தளம் வெட்டினால், வீட்டின் பின்புறம் இரண்டு மீற்றர் உயரத்துக்கு மண் சுவர் மொட்டையாக நிற்கும். பாதியை வெட்டிப் பாதியை நிரப்பினால், பின்னால் ஒரு மீற்றர் வெட்டு. முன்னால் ஒரு மீற்றர் நிரப்பு மண். நிரப்பிய மண் கட்டுக்கல் இல்லாமல் நில்லாது. மழைநீர் அதற்குள் இறங்கினால் கட்டுக்கல்லும் நில்லாது. மேற்றோற்றத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த இரண்டு மீற்றர் மண்சுவர் தெரியவே தெரியாது. அதிலே வீடு அழகான ஒரு சதுரமாக இருக்கும். வெட்டுமுகத்தைப் பார்த்தவர்தான், “இந்தச் சுவரை எது தாங்கும்? தண்ணீர் எங்கே போகும்?” என்று கேட்பார். வீடு கட்டிக் கொடுக்க வரும் எவரிடமும் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்கும் தகுதி நம் வாலிபருக்கு வேண்டும்.

மலையின் வரைபடம்

இனி நான் சொல்லப்போவது நம் நெஞ்சில் ஆறாத விடயம்.

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் இச்சபையிலும் இருக்கக்கூடும். ஆகவே அத்துயரத்தை வருணிக்க நான் முற்படவில்லை. ஒரு செய்தியை மட்டும் சுட்டுகின்றேன். அந்த இடம் அபாயமானது, மக்கள் அங்கிருந்து அகலவேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. அதற்கும் முன்னரே, 1990 ஆம் ஆண்டில், பதுளை நுவரெலியா மாவட்டங்களுக்கு மண்சரிவு அபாய வரைபடங்கள் தயாரிக்கும் வேலை தொடங்கியிருந்தது.

வரைபடம் தெரிந்திருந்தால் மலை சரிந்திராது என்று நான் சொல்லவில்லை. எச்சரித்தும் போகாதது அம்மக்களின் குற்றம் என்றும் சொல்லவில்லை. போவதற்கு வேறு காணியும் வீடும் கையில் இல்லாதவனிடம், “போ” என்று சொன்னால் அவன் எங்கே போவான்? நான் சொல்வது வேறு. மலையின் ஆபத்தை ஒரு தாள் அறிந்திருந்தது. அந்தத் தாளை வாசித்து, ஊர் கூடி, “எங்களுக்கு வேறிடம் தா” என்று ஆதாரத்துடன் திரும்பத் திரும்பக் கேட்கும் வலிமை நம்மிடம் வளரவில்லை. அந்த வலிமையை வளர்ப்பதற்கு வரைபட அறிவு ஒரு கருவி.

அந்த அபாய வரைபடங்கள் 10,000 க்கு 1 என்ற அளவுத்திட்டத்தில் வரையப்பட்டவை. இதன் பொருள் யாது? தாளில் ஒரு சென்ரிமீற்றர் நிலத்தில் 100 மீற்றர். பத்துக் காம்பரா கொண்ட ஒரு லயம் ஏறக்குறைய 30 மீற்றர் நீளம் என்றால், தாளில் அது மூன்று மில்லிமீற்றர். ஓர் அரிசியின் பாதி நீளம். அந்த அரைத் துண்டு அரிசிக்குள்ளே பத்துக் குடும்பங்கள்! ஆகையால்தான் மாவட்ட வரைபடத்தோடு நின்றுவிடாமல், நம் ஊருக்கு நாமே 500 க்கு 1 என்ற அளவில் பெரிய வரைபடம் ஒன்று செய்துகொள்ள வேண்டும் என்கின்றேன். அதிலே அதே லயம் ஆறு சென்ரிமீற்றர் நீளத்தில் தெளிவாகத் தெரியும்.

இத்தகைய வரைபடத்தில் உயரத்தை எப்படிக் காட்டுவது? அதற்குச் சமவுயரக் கோடு உண்டு. இதை விளங்கிக்கொள்ள ஓர் எளிய வழி சொல்கின்றேன். பேசின் ஒன்றில் களிமண்ணால் ஒரு குன்று செய்து வையுங்கள். ஒரு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் குன்றைத் தொடும் விளிம்பைக் குச்சியால் கீறுங்கள். இன்னும் ஒரு விரற்கடை ஊற்றி மீண்டும் கீறுங்கள். குன்று மூழ்கும்வரை இப்படிச் செய்து, தண்ணீரை வடித்துவிட்டு நேர் மேலிருந்து பாருங்கள். வளையத்துக்குள் வளையமாகத் தெரிகின்றனவே, அவைதாம் சமவுயரக் கோடுகள். கோடுகள் நெருங்கியிருக்கும் இடம் செங்குத்து. விலகியிருக்கும் இடம் சாய்வு குறைந்தது. கோடுகள் மேட்டுப்பக்கமாக வளைந்து நுழையும் இடம் ஓடை; மழைநீர் அங்கேதான் கூடும். இதை ஏழாம் வகுப்புப் பிள்ளை அரைமணி நேரத்தில் கற்றுவிடும்.

பிற்பாடு மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டப்பட்டு 2016 இல் மீரியபெத்தை மக்களுக்குக் கையளிக்கப்பட்டன. ஆனால் மலை ஒரே ஓரிடத்தில் மட்டும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் பதுளை மாவட்டம் மீண்டும் மண்சரிவுகளைக் கண்டது. ஆகவே இந்தப் பாடம் பழைய பாடமாகிவிடவில்லை.

கணினி என்னும் புதிய பலகை

இனிக் கணினிக்கு வருவோம். வாலிபர்கள் இதற்காகவே காத்திருக்கின்றீர்கள் என்பது உங்கள் முகத்தில் தெரிகின்றது.

1963 ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாந்து என்ற இளைஞர், அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் தம் ஆய்வுக்காக ஸ்கெச்பேட் என்ற செயல்முறையை ஆக்கினார். ஒளிப்பேனாவால் திரையைத் தொட்டுக் கோடு வரையலாம். இரண்டு கோடுகள் சமாந்தரமாக இருக்கவேண்டும் என்று சொன்னால் கணினி அவ்வாறே நிறுத்திவிடும். அக்காலத்தில் கணினி ஓர் அறையை அடைக்கும் யந்திரம். 1982 இல் ஆட்டோகேட் வெளிவந்தபோது இந்த வித்தை மேசைக் கணினிக்கு இறங்கியது. இன்று காசு கொடுத்து வாங்க இயலாதவர்களுக்கும் வழியுண்டு. தட்டையான வரைபடத்துக்கு லிப்ரேகேட், கனவடிவத்துக்கு ஃப்ரீகேட் என்ற இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஃப்ரீகேட்டின் முதலாம் முழுப் பதிப்பு 2024 நவம்பரில் வெளிவந்தது.

கணினியில் வரைவது நம் வீட்டுப் பெண்களுக்குப் புதியதன்று என்று சொன்னால் வியப்பீர்கள். கோலம் போடுபவர் முதலில் புள்ளி வைக்கின்றார். பிறகே கோடு இழுக்கின்றார். கணினியும் புள்ளியிலிருந்தே தொடங்குகின்றது. திரையின் ஒரு மூலையைப் பூச்சியம், பூச்சியம் என்று வைத்துக்கொள்கின்றோம். வலப்பக்கம் எத்தனை, மேற்பக்கம் எத்தனை என்று இரண்டு எண் சொன்னால் ஒரு புள்ளி கிடைத்துவிடும்.

நாம் முன்பு பார்த்த காம்பராவையே வரைவோம். கோடு என்ற கட்டளையைக் கொடுத்து, 0,0 என்று தொடங்கி, 3660,0 என்றும், 3660,3050 என்றும், 0,3050 என்றும் கொடுத்து, தொடங்கிய இடத்திலேயே மூடுங்கள். உட்சுவர் முடிந்தது, அளவெல்லாம் மில்லிமீற்றரில். அடுத்து, சமதூரப் பிரதி எடுக்கும் கட்டளையால் அந்தக் கோடுகளை வெளிப்பக்கமாக 225 மில்லிமீற்றர் தள்ளிப் பிரதி எடுங்கள். ஒன்பது அங்குலச் சுவர் எழுந்துவிட்டது. கதவுக்கு 900 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு குறுக்குக் கோடு போட்டு, நடுவில் உள்ளதை வெட்டி நீக்குங்கள். வாசல் திறந்துவிட்டது. இந்த நான்கைந்து கட்டளைகளைக் கொண்டே முழு வீட்டையும் வரைந்துவிடலாம்.

புதிதாகக் கற்பவர்கள் மூன்று விடயங்களை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, கணினியில் எப்போதும் உண்மையான அளவிலேயே வரையுங்கள். 3660 மில்லிமீற்றர்ச் சுவரை 3660 என்றே கொடுங்கள். 50 க்கு 1, 100 க்கு 1 என்று சுருக்குவது அச்சிடும்போது மாத்திரம்.

இரண்டாவது, அடுக்குகளைப் பயன்படுத்துங்கள். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல, சுவருக்கு ஓர் அடுக்கு, தண்ணீருக்கு ஓர் அடுக்கு, மின்சாரத்துக்கு ஓர் அடுக்கு. மேசனுக்குச் சுவர் அடுக்கை மட்டும் காட்டலாம்; குழாய் பொருத்துபவருக்குத் தண்ணீர் அடுக்கையும் சேர்த்துக் காட்டலாம்.

மூன்றாவது, கண்ணை நம்பாதீர்கள். இரண்டு கோடுகள் தொட்டுக்கொண்டிருப்பதுபோலத் திரையில் தோன்றும். பெரிதாக்கிப் பார்த்தால் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். கோட்டின் நுனியைத் தானாகவே பற்றிப் பிடிக்கும் வசதி கணினியில் உண்டு. அதை இயக்கிக்கொண்டு வரையுங்கள்.

ஃப்ரீகேட்டில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். தட்டையான வடிவம் ஒன்றை வரைந்து, அதன் நீளம், சமாந்தரம், செங்கோணம் முதலியவற்றைக் கட்டுப்பாடுகளாகக் கொடுத்து, உயரத்துக்கு இழுத்தால் அது கனவடிவமாகிவிடும். தேயிலை ஸ்டோரில் கொழுந்து உருட்டும் யந்திரத்தின் தேய்ந்த பாகம் ஒன்றை அளந்து இப்படி வரைந்துவிட்டால், முன், மேல், பக்கத் தோற்றங்களைக் கணினியே எடுத்துத் தரும். அந்தத் தாளோடு கடைசல் பட்டறைக்குப் போகலாம். ஓர் அளவை மாற்றினால் எல்லாத் தோற்றமும் தாமாகவே மாறும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. கணினி உங்களுக்கு நேரான கோட்டைத் தரும். சரியான கோட்டைத் தரும் பொறுப்பு உங்களுடையது. கானை மேட்டை நோக்கி வரைந்தாலும் அது மறுப்புச் சொல்லாமல் அழகாக அச்சிட்டுத் தரும். ஆகையால் முதல் இரண்டு மாதமாவது பென்சிலால் பழகுங்கள். ஒரு 2H பென்சில், ஒரு HB பென்சில், 45 பாகை, 60 பாகை மூலைமட்டங்கள், கவராயம், அளவுகோல், A3 தாள் ஆகியவை போதும். வெறுங்கையால் வேகமாகக் கீறவும் பழகுங்கள். அளக்கும் இடத்தில் மழை தூறும். அங்கே கணினி உதவாது, கையும் நனைந்த காகிதமுமே உதவும்.

பெரியோர்களின் ஐயங்கள்

“இதைப் படித்தால் உத்தியோகம் கிடைக்குமா?” என்று தாய் தந்தையர் கேட்பது நியாயமே. இதைப் படித்தவுடன் யாரும் வீடு தேடி வந்து வேலை தரமாட்டார்கள். ஆனால் வரைவாளர், நில அளவை உதவியாளர், கட்டட மேற்பார்வையாளர், கடைசல்காரர், மின்னிணைப்பாளர் ஆகிய எவரும் வரைபடம் வாசிக்காமல் முன்னேற முடியாது. வரைபடம் வாசிக்கத் தெரிந்த மேசனுக்கும் தெரியாத மேசனுக்கும் உள்ள கூலி வேறுபாட்டைக் கொழும்புக்குப் போய்வந்த நம் பிள்ளைகளே சொல்வார்கள். பாடசாலைகளில் 2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு உண்டு. தேசிய தொழிற்றகைமை என்ற ஏழு படிகள் கொண்ட ஏணியும் உண்டு. பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கின்றது. அவ்வாசலுக்குப் போகும் பிள்ளை சங்கத்தில் அரிச்சுவடி கற்றுக்கொண்டு போனால், அங்கே தடுமாறாது.

“ஆங்கிலம் தெரியாதே” என்பது அடுத்த ஐயம். கட்டளைச் சொற்கள் இருபது, முப்பதுதான். ரயிலில், ஸ்டோரில், பங்களாவில் வழங்கிய எத்தனையோ ஆங்கிலச் சொற்களை எழுத்தறியாத நம் பாட்டன்மார் நாவில் பழக்கிக்கொண்டார்களே. இந்த முப்பது சொல்லுக்கா நாம் அஞ்சுவது?

“பெண்பிள்ளைகளுக்கு இது ஆகுமா?” என்போரும் உளர். புள்ளி பிசகாமல் கோலம் போடும் கைக்கு இது ஆகாதென்றால், பின் யார் கைக்குத்தான் ஆகும்?

சங்கம் செய்யவேண்டுவது

ஆகவே இச்சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் வரைபட வகுப்பு ஒன்று நடத்துங்கள். பழைய கணினி ஒன்றே போதும்; நால்வர் முறைவைத்துப் பழகலாம். மூன்று மாதம் சென்றதும், அளவு நாடாவோடு வாலிபர்கள் ஊரை அளக்கப் புறப்படுங்கள். லயங்கள், புதிய வீடுகள், பாதைகள், கான்கள், பாடசாலை, கோயில் ஆகிய யாவும் தாளில் ஏறட்டும்.

அவ்வேளையில் பெரியவர்களை உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்தக் கான் எப்போது அடைபட்டது, அடைமழைக்குப் பின் எந்தக் கல்லிடுக்கில் ஊற்று கிளம்பும், எந்த இடத்தில் முன்பு மண் இறங்கியது என்பவை அவர்கள் நினைவிலேதான் இருக்கின்றன. எந்த அலுவலகக் கோப்பிலும் அவை இரா. அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் குறியுங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரமும் கம்பமும், திடீரென்று தோன்றிய ஊற்று, கலங்கி வரும் நீர் ஆகியவை மலை தரும் முன்னறிவிப்புகள். காணும்போதெல்லாம் அவற்றைத் திகதியோடு வரைபடத்தில் இடுங்கள். இடத்தை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்வது நிபுணர்களின் வேலை. நாம் வரைந்தது அவர்களை விரைவாக அழைத்துவரும் சாட்சி. கிராம உத்தியோகத்தரிடமும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடமும் பிரதி கொடுங்கள். ஆனால் கடும்மழையில் அறிகுறி கண்டால் வரைந்துகொண்டு நிற்கவேண்டாம். முதலில் இடத்தை விட்டு அகன்று, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

அந்த வரைபடத்தைச் சங்க மண்டபத்தின் சுவரில் மாட்டுங்கள். ஆண்டுதோறும் இவ்விழாவுக்கு முன்னர் அதைத் திருத்திப் புதுப்பியுங்கள். காணி தருகின்றோம், வீடு தருகின்றோம் என்று வருபவர் எவராயினும், அவரை அந்தச் சுவர்முன் அழைத்துவந்து, “ஐயா, இந்த இடமா? இங்கே தண்ணீர் எங்கே போகும்? இந்த வெட்டுக்குப் பின்னால் என்ன நிற்கும்?” என்று மரியாதையோடு கேளுங்கள். கேட்பவன் கையில் அளவு இருந்தால், பதில் சொல்பவரும் அளந்துதான் பேசவேண்டி வரும்.

பெரியவர்கள் நினைவில் உள்ளது மண்ணோடு போகாமலும், வாலிபர் கற்றது வீணாகாமலும், இரண்டும் ஒரே தாளில் சேரும் அந்த நாளை இச்சங்கம் விரைவிற் காணட்டும் என்று வேண்டி அமைகின்றேன்.